முடுக்காமல் விட்ட நட்டு

என் பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு ஹாரன் பொத்தான் இருக்கிறது. பழைய கார்களில் ஸ்டியரிங்குக்கு நடுவே வட்டமாக, கறுப்பாக இருக்குமே, அதுதான். ஓரத்தில் ஒரு விரிசல். விரிசலுக்குள் எங்கள் காட்டுச் செம்மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போன மாதம் என் மகன் சேலத்து வீட்டு வாசலில் தன் காரின் ஸ்டியரிங்கைக் கழற்ற உட்கார்ந்தபோது, அதை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு நானும் போய் உட்கார்ந்தேன்.

அவன் காரிலும் ஹாரன்தான் அடிக்கவில்லை. உள்ளே ஏதோ வயர்ச் சுருள் அறுந்துவிட்டதாம். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். "கொஞ்ச நேரம் காத்திருந்துதாம்மா ஏர்பேக்கத் தொடோணும். அவசரப்பட்டா மூஞ்சியிலயே வெடிச்சிரும்" என்றான். அதைக் கழற்றித் தனியே வைத்த பிறகுதான் ஸ்டியரிங் நட்டில் கை வைப்பானாம். நாற்காலியில் காபி குடித்துக்கொண்டிருந்த என் கணவர் சிரித்தார். "பாத்துடா, இளம்பிள்ளை மாமன் கதையாயிடப் போவுது." மகனும் சிரித்தான். எங்கள் இரண்டு குடும்பத்திலும் விசேஷத்துக்கு விசேஷம் சொல்லிச் சிரிக்கிற கதை அது. அதைக் கேட்கும்போதெல்லாம் நான் அடுப்பில் ஏதோ வைத்ததுபோல எழுந்து உள்ளே போய்விடுவேன்.

மாமா என்றால் என் அப்பாவின் தங்கை புருஷன். இளம்பிள்ளையில் நூல் வியாபாரம். ஆனால் மனம் முழுக்க ஸ்குரூ டிரைவரில்தான். எங்கள் வீட்டுக்கு வந்தால் காபியைக் குடித்து முடிப்பதற்குள் ரேடியோவின் முதுகைத் திறந்திருப்பார். பழுதானது ஓட ஆரம்பித்ததும் யாராவது ஒருத்தரைப் பார்த்து "நல்லா கேக்குதா சாமி?" என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்குப் பலகாரமே வேண்டாம் அவருக்கு. அப்பா அவரை "மாப்ள, வாங்க, உக்காருங்க" என்பதற்குக் குறைந்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. வீட்டு மாப்பிள்ளைக்கு மரியாதை குறைந்தால், கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டு வாசல் குறைந்தது மாதிரி. எங்கள் பக்கம் அப்படித்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காகவே அப்பா நாமக்கல்லில் பழைய கார் ஒன்றை வாங்கி வந்திருந்தார். எல்லாம் சரி, ஹாரன் மட்டும் ஊமை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா ஸ்டியரிங்கைக் கழற்றி, அடியில் அறுந்திருந்த வயரை ஒட்டி, திரும்ப மாட்டினார். நட்டை விரலால் திருகிவிட்டு ஸ்பேனரை எடுக்கும்போது அப்பா கையைப் பிடித்தார். "மாப்ள, ராவுகாலம் பொறந்துருச்சு. ஆறு மணி தாண்டட்டும். கற்பூரம் காட்டிட்டு முடுக்கிக்கலாமுங்க." லாரி ஓடுகிற ஊர்களில் வண்டியைப் பிரித்து வேலை செய்தால் கடைசி நட்டை நல்ல நேரத்தில்தான் முடுக்குவார்கள். மாமா ஸ்பேனரைக் கீழே வைத்தார். வயர் சரியாகிவிட்டதா என்று பார்க்கப் பொத்தானை மட்டும் மேலே பொருத்தி அழுத்தினார். வீடே அதிர்ந்தது. "நல்லா கேக்குதா சாமி?" என்று ஜன்னலில் நின்ற என்னைக் கேட்டார். நான் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நட்டு பொத்தானுக்குள் மறைந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு வேலை முடிந்த கார்.

மாமா கிரீஸ் கையோடு கிணற்று மோட்டாருக்குக் குளிக்கப் போனார். அந்த நேரம் பார்த்து, ஆறு மணிக்கு மேல் பெண் பார்க்க வரவேண்டிய பையன் வீட்டுப் பெரியவர்கள் முன்னதாகவே புதுச்சத்திரத்தில் பஸ் இறங்கி நிற்பதாக ஆள் வந்து சொன்னான். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "சம்பந்தம் பேச வந்தவங்கள ரோட்டோரம் நிக்க வெக்கறதா?" என்று காரில் ஏறிக் கிளப்பிவிட்டார். ஈரத் துண்டோடு மாமா களத்தைத் தாண்டி ஓடி வந்தார். "மச்சான்! நட்டு! நட்டு முடுக்கலீங்க!" தானும் வரேன் என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார் அப்பா. பதிலுக்கு ஹாரனை நீளமாக அழுத்திக்கொண்டே போனார். அந்தச் சத்தத்தில் மாமாவின் கூப்பாடு காணாமல் போயிற்று.

திரும்பி வரும்போது, எங்கள் வண்டித்தடத்தின் திருப்பத்தில் ஸ்டியரிங் கழன்று அப்பாவின் கைக்கு வந்துவிட்டது. மெதுவாக வந்ததால் உயிர் தப்பியது. கார் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள், மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே இறங்கி நின்றது. பையனின் அப்பாவுக்கு நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். அத்தனை பேரும் நடந்தே வீடு வந்து சேர்ந்தார்கள். முறத்தைப் பிடித்ததுபோல ஸ்டியரிங்கைக் கையில் பிடித்தபடி வந்த அப்பா, வாசலில் நின்ற மாமாவைப் பார்த்ததும் கத்தினார். "எல்லாம் இவன் பண்ணுன வேலைங்க! நூல் விக்கிறவனுக்கு ஸ்பேனர் எதுக்கு?"

அத்தை தூணைப் பிடித்துக்கொண்டாள். நான் உள்ளிருந்து அம்மாவிடம், "அப்பாதான வேண்டாம்னாரு!" என்றேன். "கம்முனு இரு சாமி, உன்ற கல்யாணம்" என்று அம்மா என் வாயைப் பொத்தினாள். மாமா ஒரு கணம் அப்பாவைப் பார்த்தார். பிறகு அந்த ஈரத் துண்டோடு பையனின் அப்பாவைக் கும்பிட்டார். "எம்பட தப்புத்தானுங்க. முடுக்கோணும்னு தோணாமப் போச்சு. மன்னிச்சுக்கோங்க." அப்பா தரையைப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. எங்களுக்குச் சோறு போட்ட மனுஷர், என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர், சம்பந்தக்காரர்களின் ஒரு வார்த்தைக்குப் பயந்து சிறுத்துப்போய் நின்றார்.

கல்யாணம் நிச்சயமானது. அத்தையும் மாமாவும் அன்றைக்குச் சாப்பிடாமலே பஸ் ஏறினார்கள். கல்யாணத்துக்கு வந்து பந்தலில் வெற்றிலைத் தட்டோடு நின்று வந்தவர்களை வாங்க வாங்க என்றார் மாமா. பழையபடி எல்லாம் பேசினார், சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஸ்பேனரையோ ஸ்குரூ டிரைவரையோ தொட்டதில்லை. வீட்டில் மின்விசிறி நின்றாலும் ஆள் அனுப்பிக் கடைக்காரனைக் கூட்டிவரச் சொல்வார் என்று அத்தை சொல்லி அழுதிருக்கிறாள். அப்பா சாகும்வரை ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குக் காட்டில் தெறித்து விழுந்து, கிழங்கு பிடுங்கும்போது ஆட்கள் கண்டெடுத்த ஹாரன் பொத்தானை அம்மா எறியச் சொன்னாள். நான் எடுத்து வைத்துக்கொண்டேன். மாமாவும் போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது.

மகன் ஏர்பேக்கைக் கழற்றிப் பதனமாகத் தூரத்தில் வைத்துவிட்டு வந்தான். அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. "நட்ட முடுக்க வேண்டாம்னு சொன்னது எங்கப்பா. மாமா இல்ல."

கணவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அது எங்கப்பாவுக்கு அன்னைக்கே தெரியுமே. ஸ்டியரிங் கையோட வந்தப்ப, 'ஐயோ, ராவுகாலம் போவட்டும்னு நாந்தான சொன்னேன்'னு உங்கப்பா காருக்குள்ளயே கத்திப்போட்டாராமா. எங்கப்பா எங்கூட்டுக்குத் திரும்பி வந்து எல்லாத்துகிட்டயும் சொன்னாரு."

"அப்பறம் ஏன் ஒருத்தரும் வாயத் தொறக்கல?"

"பொண்ணெடுக்கற எடத்துல போயி, நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்ல முடியுமா?"

தெரியாமல் சிரிக்கிறார்கள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் அவரை வைத்துச் சிரித்திருக்கிறோம். கணவருக்கும் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் மகன் எல்லாவற்றையும் மாட்டி, நட்டை முடுக்கி, பேட்டரி வயரைக் கொடுத்து ஹாரனை அழுத்தினான். தெருவே திரும்பிப் பார்த்தது. "நல்லா கேக்குதாம்மா?" என்றான்.

கேட்டது. பொத்தானைத் திரும்ப பீரோவில் வைக்கக் கை வரவில்லை. வேறு எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.