மாலை போட்ட படம்

ஒவ்வொரு சனிக்கிழமை காலையிலும் எங்கள் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று கட்டுரைகளின் இணைப்புகளைப் போடுவேன். துறைமுகத்துக்குப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் எனக்கு எழுதுவினைஞர் வேலை. கிழமை முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்து, நல்லதாக மூன்றைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதிவிடுவேன். சினிமாவில் குசினியையும் அதில் சமைக்கும் பெண்களையும் எப்படிக் காட்டுகிறார்கள், செய்தி வாசிப்பவர்களின் தமிழுக்கு என்ன நடந்தது என்பதுபோன்ற விஷயங்கள். ஒருத்தியாவது திறந்து பார்த்ததாக எனக்குத் தெரியாது. ஒரு ரோசாப்பூவோடு காலை வணக்கம் வந்தால் மட்டும் பத்துப் பேர் ஓடிவந்து பதில் வணக்கம் சொல்வார்கள்.

ஒரு சனிக்கிழமை, மரண அறிவித்தல்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் போட்டேன். பத்திரிகையிலிருந்து தொலைபேசிக்கு வந்தபிறகு அவற்றின் மொழி எப்படி மாறிவிட்டது என்று ஒருவர் அக்கறையோடு எழுதியிருந்தார். இணைப்போடு ஒரு படமும் தானாக வந்து விழுந்தது. மாலை போட்ட, மீசையும் கண்ணாடியுமான நடுவயது மனிதர். என் கணவருக்கும் மீசையும் கண்ணாடியும் உண்டு என்பது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை. தொலைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டேன்.

இரண்டு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தால், குச்சவெளியில் இருக்கும் தோழி எங்கள் வாசற்படியில் இருந்து விம்மிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் ஒரு பையில் சீனி, தேயிலை, பிஸ்கற். என் கணவர் கையில் தண்ணீரோடு முழித்துக்கொண்டு நிற்கிறார்.

“உனக்கு அறிவிருக்கோ? செத்தவீடெண்டு பஸ் பிடிச்சு ஓடி வந்தனான். இவர் வந்து கேற்றைத் திறக்கிறார்! எனக்கு நெஞ்சே நிண்டுபோச்சு.”

தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். அன்புவழிபுரத்துத் தோழிதான் தொடக்கி வைத்திருந்தாள்: “ஆழ்ந்த அனுதாபங்கள். பிரேதம் எப்ப எடுக்கினம்?” அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். சாம்பல்தீவிலிருந்து இரண்டு பேர் அப்போதுதான் ஓட்டோவில் புறப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கு அழைத்துத் திருப்பி அனுப்பினேன். வீணாக அலைய வைத்ததாக என்னைத்தான் ஏசினார்கள்.

“கீழ ரெண்டு வரி எழுதியிருந்தனானே. அதைக்கூட வாசிக்கேல்லையோ?” என்று வந்தவளிடம் கேட்டேன்.

“மாலை போட்ட படத்தைப் பாத்தாப் பிறகு ஆர் வாசிச்சுக்கொண்டிருப்பினம்?”

அடுத்த பஸ் பின்னேரம்தான். “வந்தது வந்திட்டாய், இப்ப கேள்” என்று அவளைக் குசினிக் கதிரையில் இருத்தி, முழுக் கட்டுரையையும் சத்தமாக வாசித்தேன். எனக்குக் கோபம்தான். இடையில் கொட்டாவி விட்டாள், பிளேன்டீ கேட்டாள். எவ்வளவு ஏழைக் குடும்பமானாலும் ஒரு சாவை அறிவிக்காமல் விடுவதில்லை என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அது பிழை. எங்கட அண்ணாவுக்கு நாங்கள் போடேல்ல.”

சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் அவளுடைய அண்ணா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். மற்றது தெரியாது.

“அம்மா கடைசிமட்டும் விடேல்ல. போட்டா, அவன் செத்திட்டான் எண்டு நாங்களே சொன்ன மாதிரி எல்லே.”

தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “எழுதினவருக்கு இதைச் சொல்லுவமே?” என்றேன்.

“வேண்டாம். குறூப்பிலயும் போடாதை, அவளவை உடன கும்பிடுற கையைப் போடுவாளவை. நீ வேற எங்கயாவது எழுது. பேர் போடாதை.”

பஸ் ஏற்றிவிட்டு வந்து குழுவில் எழுதினேன்: “ஒருவரும் சாகவில்லை. தயவுசெய்து கட்டுரையை வாசியுங்கள்.”

ஒரு நிமிடத்துக்குள் அன்புவழிபுரத்திலிருந்து பதில்: “கடவுளே, நல்லகாலம். சரியான நீளமா இருக்கு, என்ன எழுதியிருக்கெண்டு சுருக்கமாச் சொல்லன்.”

“வாசி” என்று ஒரே சொல்லை அனுப்பினேன். அதற்கு அவள் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.