வாசற்படிக்கு வரும் தண்ணீர்

பிடி அறுந்துபோய், அந்த இடத்தில் நைலான் கயிறு கட்டிய நீலப் பிளாஸ்டிக் வாளி ஒன்று, உசிலம்பட்டியில் அண்ணன் வீட்டுப் போர்டிகோ தூணருகே கவிழ்ந்து கிடந்தது. மதினி தினமும் வாசல் தெளித்த வாளி. அவர் இறந்து ஒரு வருடம் ஆகியும் அதை யாரும் நிமிர்த்தி வைக்கவில்லை. நானும்தான். மதுரையிலிருந்து போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் போவேன்.

அந்தப் போர்டிகோவை அண்ணன்தான் முன்னின்று கட்டினார். கான்கிரீட் போட்ட அன்று மழை மிரட்டியது. ஆட்களை விரட்டி வேலை வாங்கியதில் தரையின் வாட்டம் தலைகீழாகிவிட்டது. தெருவுக்கு ஓட வேண்டிய தண்ணீர் வாசற்படிக்கு ஓடி வந்தது. மதினி அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை, ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். "ஊரே தண்ணிக்கு அலையுது, உங்கண்ணன் வைகைய வீட்டுக்கே கொண்டாந்துட்டாரு பாத்தியா" என்பார் என்னிடம். காலையில் தெளித்த தண்ணீர் படியைத் தொட்டதும், உள்ளே படுத்திருக்கும் அண்ணனுக்குக் கேட்கும்படி, "வைகை வந்துருச்சு, எந்திரிங்க" என்று குரல் கொடுப்பார். அண்ணன் கதவைத் திறந்து, "இம்புட்டுத் தண்ணியவா ஊத்துவ?" என்று முணுமுணுத்தபடி விளக்குமாற்றால் அதைத் தெருப்பக்கம் தள்ளுவார். கோலம், காபி எல்லாம் அதற்குப் பிறகுதான். எனக்குத் தெரிந்து அவர்கள் வீட்டில் பொழுது அப்படித்தான் விடிந்தது.

மதினியைக் கிடத்தியதும் அந்தப் போர்டிகோவில்தான். ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த தரை, குளிர்பெட்டியை இழுத்த இழுப்பில் பெயர்ந்துவிட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டுத் திரும்பியதும் அண்ணன் முன்கதவைச் சாத்தினார். பிறகு திறக்கவே இல்லை. பால்காரர் முதல் சொந்தபந்தம் வரை எல்லோருக்கும் பின்வாசல்தான். எனக்குப் பயமாக இருந்தது. கதவோடு பேச்சும் சாப்பாடும் குறைந்துகொண்டே வந்தன. இப்படியே போனால் இவரையும் பறிகொடுத்துவிடுவோம் என்று நினைத்தேன். கேட்டால், "நல்லாத்தானத்தா இருக்கேன்" என்பார். அழுதிருந்தால்கூடத் தேவலை. எனக்கும் அழுகை வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது.

துக்க வருடத்தில் வீட்டில் கொத்து வேலை தொடங்க மாட்டோம். வருடத் திதி முடிந்ததும் நானே கொத்தனாரை அழைத்துப்போனேன். பெயர்ந்ததைக் கொத்தி எடுத்து, பழைய தரை புதுப் பூச்சைப் பிடித்துக்கொள்ள சிமெண்டுப் பால் ஊற்றும் நேரத்தில் அவர் அந்தப் பழைய தப்பைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அண்ணே, வாட்டம் உள்பக்கமா இருக்கு. தெருப்பக்கம் திருப்பிருவோம்."

பின்வாசல் வழியாகச் சுற்றி வந்து தெருவில் நின்றிருந்த அண்ணன், "இருந்தபடியே இருக்கட்டும்" என்றார்.

"படிக்குத் தண்ணி வந்துருமேண்ணே?"

"வரட்டும்ப்பா."

கொத்தனார் என்னைப் பார்த்தார். நானும் சரி என்று தலையாட்டினேன்.

புதுப் பூச்சு வெடிக்காமல் இருக்க, அதன்மேல் சாக்கை விரித்துக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனார் கொத்தனார். அன்றிரவு நான் அங்கேயே தங்கினேன். மறுநாள் விடிந்ததும் கைக்குக் கிடைத்தது அந்த நீல வாளிதான். தூசியைக் கழுவி, நிரப்பி, சாக்கின்மேல் ஊற்றினேன். தண்ணீர் பழைய வழி தெரிந்ததுபோல் நேராகப் படிக்குப் போய்ச் சாத்திய கதவின்கீழ் நுழைந்தது. மதினி சொல்வதைச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன்.

அதற்குள் உள்ளே தாழ்ப்பாளை அண்ணன் தட்டுவது கேட்டது. துருப்பிடித்திருந்தது போலும், இரண்டு மூன்று முறை தட்டினார். கதவு திறந்தது. அண்ணன் கையில் விளக்குமாற்றோடு நின்றார். படியில் நின்ற தண்ணீரைப் பார்த்தார். என் கையிலிருந்த வாளியையும் பார்த்தார்.

"இம்புட்டுத் தண்ணியவா ஊத்துவ?" என்றார்.

நான் இன்னொரு வாளி பிடிக்கக் குழாயடிக்குப் போனேன்.