ஒரு கேன் நல்ல தண்ணீர்

மங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடம். சாயிரா பானு அங்கே ஐந்தாம் வகுப்பு டீச்சர், நான் நாலாம் வகுப்பு. பதினோரு வருஷமாக அவளோடு மல்லுக்கட்டியே எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. எதையும் பாதியோடு விடத் தெரியாத பிறவி. கணக்கில் லிட்டர் என்று வந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்துவிடுவாள். அவள் வீட்டுக்காரர் நஸ்ருதீன், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், ஊட்டிலேயும் இதே கூத்துத்தானுங்க என்று என்னிடமே புலம்பியிருக்கிறார்.

இந்த வருஷம் மத நல்லிணக்கக் கண்காட்சி என்று தாளாளர் தனபால் சார் அறிவித்தார். எங்கள் இருவருக்கும் விழுந்த தலைப்பு, மதங்களில் தண்ணீரால் தூய்மையாவது. நான் சி.எஸ்.ஐ. சபைக்காரி என்பதால் ஞானஸ்நானம் எனக்கு. தொழுகைக்கு முன் செய்கிற ஒளு அவளுக்கு. நான் பிள்ளைகள் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து, அதன் தலையில் மூன்று முறை தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். பாவம் கழுவப்படுவதற்கு இது அடையாளம் என்றேன். அரை மணியில் என் பாடம் முடிந்தது.

அவள் முடிப்பாளா? கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை, கால் என்று வரிசை சொல்லிக் கொடுத்த கையோடு, எந்தத் தண்ணீர் ஒளுவுக்கு ஆகும், எது ஆகாது என்று ஆரம்பித்துவிட்டாள். கழிவு கலந்து நிறமோ மணமோ ருசியோ மாறியிருந்தால் அந்தத் தண்ணீர் ஆகாது. நல்ல தண்ணீர் கிடைக்காவிட்டால் சுத்தமான மண்ணில் கையைத் தட்டி முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்ளலாம், அதற்குத் தயம்மும் என்று பெயர்.

எங்கள் போர் தண்ணீர் இரண்டு வருஷமாகப் பீட்ரூட் கழுவியதுபோலத்தான் வருகிறது. சாயக்கழிவு என்று ஊருக்கே தெரியும். பூமியில் இரும்புச்சத்து என்பார் தாளாளர். சாயிரா அவரிடம் ஒன்பது மனு கொடுத்துவிட்டாள். வேலைக்கு உலை வைத்துக்கொள்ளாதே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஊதற சங்க ஊதி வெப்போமுங்க டீச்சர். விடியறப்ப விடியட்டும்" என்றாள்.

கண்காட்சியன்று, ஒளு செய்யும் பிள்ளைகளுக்கு என்று தாளாளர் ஒரே ஒரு கேன் தண்ணீர் அனுப்பினார். நானோ ஞானஸ்நானத்துக்குக் கண்ணாடிப் பாத்திரம் வைத்திருந்தேன். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் சிவப்பாக நின்றது. பெற்றோர்கள் வந்துகொண்டிருந்தார்கள். மானம் போகிறதே என்று அதைக் கொட்டிவிட்டு, கேனை முழுசாகப் பாத்திரத்தில் கவிழ்த்தேன். தெளிக்க ஒரு டம்ளர் போதும். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஓடுகிற குழாயில் நிறத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

சாயிராவின் மாணவி ரைசா குழாயைத் திறந்தாள். உள்ளங்கையில் பிடித்தாள், முகர்ந்தாள், குழாயை மூடினாள். எல்லோர் முன்னாலும் மைதானத்து ஓரமாகப் போய் இரண்டு கைகளையும் மண்ணில் தட்டினாள்.

தாளாளர் சிரித்துக்கொண்டே, "ஏங்கண்ணு, கொழாயில தண்ணி வருதல்ல?" என்று கேட்டார்.

"வருதுங்க சார். இது ஆகாதுங்க."

என் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஜனனி, தாளாளரின் மகள் வயிற்றுப் பேத்தி, அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்புச்சி, நாங்க தெனமும் அதுலதானுங்க வாய் கொப்புளிக்கிறோம்."

அவர் பேத்தியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை காலையில் லாரித் தண்ணீர் வந்துவிட்டது. மதியம் சாயிராவுக்கு மெமோவும் வந்தது. பாடத்துக்கு வெளியே போய்ப் பள்ளியின் பெயரைக் கெடுத்ததற்கு விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. மன்னிப்பு எழுதிக் கொடுத்துத் தொலையேன் என்று கெஞ்சினேன். கேட்டால்தானே! தண்ணீரைப் பற்றிய பாடத்தில் தண்ணீரைப் பற்றித்தான் சொன்னேன் என்று ஒரே வரி எழுதி வைத்தாள். கேனை ஏன் காலி செய்தீர்கள் என்று மட்டும் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர் நியாயமெல்லாம் பேசுகிறவள் இதைக் கேட்டால் என்ன? எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அவள் பேனாவைப் பிடுங்கி, கேனைக் கவிழ்த்தது நான் என்று அந்த வரிக்குக் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.