ஆணிக்காரி தட்டாத தடி

அந்த மர அறுவை மில்லில் அவளுக்கு ஆணிக்காரி என்றுதான் பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. வெட்டி வரும் மரத்தடிகளுக்குள் புதைந்து கிடக்கும் ஆணி, கம்பி, கொக்கி எல்லாவற்றையும் தேடிப் பிடுங்குவது அவள் வேலை. மனுஷன் மரத்தைச் சும்மா விட்டானா? விளம்பரத் தகடு அடிக்கிறான், துணிக்கொடி கட்டுகிறான், வேலிக் கம்பியைச் சுற்றிவிட்டுப் போகிறான். மரம் அத்தனையையும் விழுங்கி, மேலே பட்டையைப் போர்த்திக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கிறது. அப்படியே ரம்பத்தில் ஏற்றினால் பிளேடு அறுந்து பறக்கும்.

பறந்திருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன் அவள் ஓர் ஆணியைத் தவறவிட்டாள். அறுந்த பிளேடின் துண்டு ரம்பம் ஓட்டுகிறவரின் இடது கண்ணில் பாய்ந்தது. அவர் அவளுடைய புருஷன்.

மில்லில் ஒரு வழக்கம் உண்டு. தடியைச் சோதித்து முடித்தவர் உள்ளங்கையால் அதன் மேல் இரண்டு தரம் தட்ட வேண்டும். தட்டினால்தான் ரம்பக்காரர் சுவிட்சைப் போடுவார். அன்றைக்கும் அவள் தட்டத்தான் செய்தாள். ஆஸ்பத்திரியில் கிடந்த நாளிலும் சரி, வீட்டுக்கு வந்து நான்காம் மாதம் மறுபடி வேலையில் சேர்ந்த பிறகும் சரி, அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். இடது பக்கம் இருக்கும் டம்ளரை அவர் கை தெரியாமல் தட்டிவிடும்போதெல்லாம் அவளுக்குச் செத்துவிடலாம் போலிருக்கும்.

இரும்பு இருந்தால் கத்திக் காட்டும் பழைய டிடெக்டரை முதலாளி குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி வந்து பதினொரு நாள் ஆகிறது. பழையது வட்டமாக, பானை மூடி மாதிரி இருக்கும். எங்கே அதிகமாகக் கத்துகிறதோ, அங்கே வட்டத்தின் நடுவுக்கு நேர் கீழே ஆணி. இருபது வருடப் பழக்கம் அது. புதியது செருப்பு மாதிரி நீளம். தலையில் குத்தும் ஊசிக்குக்கூட ஊரைக் கூட்டும். ஆனால் அவள் சாக்பீஸால் குறி போட்டு உளி வைத்த இடத்தில் ஆணி இருப்பதில்லை. நாலு குழி தோண்டினால் ஒன்றில் அகப்படும். அதுவும் அவள் கெட்டிக்காரத்தனம் இல்லை, குருட்டு அதிர்ஷ்டம். யாரிடமாவது கேட்கலாம் என்றால் வறட்டு ரோஷம் விடவில்லை. ஆணிக்காரிக்கு ஆணி தேடத் தெரியவில்லை என்று தானே போய்த் தண்டோரா போடுவாளா?

இன்றைக்குக் காலையில் வந்தது பள்ளிக்கூட வளாகத்தில் நின்ற மரம். பிள்ளைகள் இருக்கும் இடத்து மரம் ஆணி இல்லாமல் இருக்குமா? டிடெக்டர் நடுத்தடியில் வீறிட்டது. குறி போட்டாள், தோண்டினாள், ஒன்றுமில்லை. பக்கத்தில் தோண்டினாள். மூன்றாவது குழியில் உளி விரல் நீளத்துக்கு உள்ளே போயும் வெறும் மரம்தான்.

முதலாளி வந்து நின்றார். வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, நல்ல தடியை எலி கொறிச்ச மாதிரி பண்ணி வெச்சிருக்கியே! பதினோரு நாளா இதே கூத்துதான். நாளையிலேருந்து வேற ஆளைப் போட்டுக்கறேன். இப்ப இதை ஏத்தட்டும்."

"உள்ள ஏதோ இருக்குங்க."

"எங்க இருக்கு? காட்டு, பாப்போம்."

அவளால் காட்ட முடியவில்லை. முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு, தன் கையாலேயே தடியின் மேல் இரண்டு தரம் தட்டினார். அவள் ரம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்ற புருஷனைப் பார்த்தாள். ஒற்றைக் கண், அதுவும் போனால்?

அவர் சுவிட்சின் மேலிருந்து கையை எடுத்தார்.

"அவ தட்டட்டும்" என்றார்.

"நான் சொல்றேன்யா, போடு!"

"அவ தட்டட்டும், முதலாளி."

அவளுக்கு மேலும் பயம்தான் வந்தது. என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், நேற்றுப் பிடுங்கிய ஆணி ஒன்றைப் பொறுக்கி ஓர் அறுத்த பலகையின் மேல் வைத்தாள். டிடெக்டரை மெதுவாக அதன் மேல் கொண்டுபோனாள். செருப்பின் நுனி ஆணிக்கு நேராக வந்ததுமே கத்தியது. பின்னால் இழுத்தாள், நுனி ஆணியைத் தாண்டியதும் சட்டென்று அடங்கியது. மறுபடி செய்தாள். மறுபடியும் அப்படியே. பாவி, இது நுனியில் பிடிக்கிற சாதனம்! பதினொரு நாளாக நடுவுக்குக் கீழே தோண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். புத்தகம் வேண்டாம், ஆசான் வேண்டாம், ஓர் ஆணியும் பலகையும் போதுமாயிருந்தது. முதல் நாளே இதைச் செய்திருந்தால் என்ன கேடு?

ஓடிப் போய்த் தடியைப் பார்த்தாள். நீளவாக்கில் பின்னுக்கு இழுத்து, சத்தம் அறும் இடத்தில் நுனியை ஒட்டி ஒரு கோடு. குறுக்குவாக்கில் இழுத்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொண்ட இடம் மூன்று குழிகளுக்கும் அரைச் சாண் முன்னால் இருந்தது. உளியை வைத்து அடித்தாள். ஆறாவது அடியில் இரும்பில் இரும்பு பட்டது. குறட்டால் பிடித்து ஆட்டி ஆட்டி உருவினாள். சுண்டுவிரல் பருமனில் ஒரு கொக்கி. மணி கட்டித் தொங்கவிட்டதாக இருக்கும்.

முதலாளி அதை வாங்கிப் பார்த்தார். லாரிக்காரனைச் சமாதானப்படுத்தப் போனார்.

அவள் தடி முழுவதையும் இரண்டு தரம் சோதித்தாள். தட்டினாள். ரம்பம் ஓடி முடிகிறவரை மூச்சை விடவில்லை. பலகைகள் ஒழுங்காக விழுந்தன.

சாப்பாட்டு இடைவேளையில் மரத்தூள் மூட்டைமேல் இருவரும் உட்கார்ந்தார்கள். அவளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"ஏங்க, உங்களுக்கு எம்மேல கோபமே இல்லையா?"

அவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"இருக்கு" என்றார். "ரொம்ப இருக்கு. காலையில எழுந்து முகம் கழுவும்போதெல்லாம் வரும். வாயத் தொறந்தா ஏதாவது சொல்லிடுவேன்னுதான் சும்மா இருந்தேன்."

எட்டு மாதமாக அவள் எதிர்பார்த்திருந்த அடி அது. வலித்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அப்புறம் ஏன் முதலாளி தட்டினப்ப போடல?"

"கண்ணு போனது எனக்கு. ஆனா அன்னிலேருந்து ராத்திரி தூங்காதது நீ. எனக்குத் தெரியாதா? அந்த ஆளு தட்டிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிடுவாரு" என்றார் அவர். "சாப்பிடு. அடுத்த தடி இறக்கிட்டாங்க."