எங்கள் வாசலில் நிற்காத பவுசர்

ஒரே தில்லந்துறையாக இருந்த எங்கள் ஊரை மூன்று ஊராக, மூன்று பிரதேச சபையாகப் பிரித்தபோது, வம்மியடிக்கு உழவு மெசினும் புதுக்கரைக்காரரான எங்களுக்குத் தெரு போடும் ரோலரும் கிடைத்தன. அந்த ரோலர் ஓடி நான் பார்த்ததில்லை. புதுச் சபை வாசலில் காகம் குந்துவதற்கென்று நிற்கிறது. தண்ணீர் பவுசர் மட்டும், சாரதி உசனாரோடு சேர்த்து, பழைய தில்லந்துறைச் சபையிலேயே தங்கிவிட்டது.

உசனார் எனக்குப் பக்கத்து வீடு. பிறந்தது தில்லந்துறையில். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்த ஆண் அவள் வீட்டுக்கு வர வேண்டும். அப்படி ஸகியாவை முடித்துப் புதுக்கரைக்கு வந்த மனிதர், இங்கே பிறந்தவர்களை விடப் பெரிய புதுக்கரைக்காரராகிவிட்டார். தனிச் சபை கேட்டு ஊர்வலம் போனபோது முன்னால் கொடி பிடித்தவர் அவர்தான்.

"நமக்கெண்டு ஒரு சபை வந்தா தண்ணி முதல்ல நம்மட ஊட்டுக்குத்தான்" என்று ஸகியாவிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைக் கேட்டுக் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. சபை வந்தது. தண்ணீர் அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

வெயில் காலத்தில் எங்கள் உப்பு வாவிக்கரைக் கிணறுகள் உவர்த்துவிடும். அந்த வருடம் தேத்தண்ணீர் கூட உப்புக் கரித்தது. வயல் வட்டையோரப் பெரிய கிணற்றில் நிரப்பிய பவுசர், வயல்வெளி தாண்டி எங்கள் தெருவால்தான் தில்லந்துறைக்குப் போக வேண்டும். வேறு ஊருக்கு ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வேலை போகும் என்று அந்தச் சபைச் செயலாளர் சொல்லியிருந்தார். அவர்களுக்கே காணாத தண்ணீர். குறை சொல்ல முடியாது. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. தண்ணீர் தளும்பத் தளும்ப உசனார் தன் வீட்டு வாசலையே கடந்து போவார். தலை திரும்பாது. ஸகியா வேலிக்குள் நின்று பார்ப்பாள். மாலையில் பிறந்த வீட்டிலிருந்து சைக்கிளில் ஒரு கேன் கொண்டுவருவார். பிள்ளைகள் நிறைந்த வீட்டுக்கு அது எந்த மூலைக்கு?

உப்புத் தண்ணீரில் குளித்துக் குளித்து அவர்களுடைய கடைக்குட்டிக்கு உடம்பெல்லாம் சொறி பிடித்தது. ஒருநாள் காலை, பவுசர் கடந்து போனதும் ஸகியா குடத்தை இடுப்பில் வைத்தாள்.

"எங்ககா போறா?" என்றேன்.

"தண்ணிக்கு."

நானும் என் குடத்தை எடுத்துக்கொண்டேன்.

தில்லந்துறைச் சந்தியில் நீண்ட வரிசை. யாரும் எங்களை விரட்டவில்லை, பேசவுமில்லை. அன்றைக்கென்று செயலாளரும் பவுசருக்குப் பக்கத்தில் நின்றார். குழாயைப் பிடித்திருந்த உசனார், எங்கள் முறை வந்ததும் நிமிர்ந்தார். முகம் கறுத்துவிட்டது.

"எந்த ஊரு?" என்று கேட்டார், கட்டிய பெண்டாட்டியிடம்.

"நீங்க கொடி புடிச்சு வாங்கித் தந்த ஊருதான், மச்சான்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாருமே சிரித்தார்கள். பின்னால் நின்ற உசனாரின் தங்கை றஸீனா மட்டும் சிரிக்கவில்லை.

"ஊத்துங்க காக்கா. என்ட பங்கில கழிச்சுக்கங்க" என்றாள்.

உசனார் ஊற்றினார். ஸகியாவின் குடம் நிரம்பியது, என்னுடையதும் நிரம்பியது. அவருடைய கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது.

செயலாளர் அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். உசனார் உள்ளே போனதும் பவுசரின் திறப்புச் சாவியை மேசையில் வைத்தாராம்.

"நாளைக்கும் அவ வருவா சேர். நாளைக்கும் நான் ஊத்துவன். அதால இப்பவே தந்துர்ரன்."

செயலாளரும் பெண்டாட்டி ஊரில் குடியிருப்பவர்தான்.

"சந்திக்கு வந்து வரிசையில நிக்கிறவங்கள்ட்ட இனி ஊர் கேக்க வேணாம்" என்று திறப்பைத் திருப்பித் தள்ளினாராம். "ஆனா புதுக்கரையில பவுசர் நிக்கக் கூடாது."

"நிப்பாட்ட மாட்டன் சேர்."

உசனார் சொன்ன சொல்லில் நிற்கிறார். இன்றைக்கும் எங்கள் தெருவில் பவுசர் நிற்பதில்லை. அது வருகிற சத்தம் கேட்டதும் ஸகியாவும் நானும் தெருப் பெண்களும் குடத்தோடு வெளிக்கிட்டு அதன் பின்னால் நடக்கிறோம். தில்லந்துறைச் சந்தி வரைக்கும் அவர் முதலாம் கியரை விட்டு மாற்றுவதே இல்லை.