ஆர்வெஸ்டர் வைத்த இரண்டு அடிகள்

என் அண்ணன் ஆர்வெஸ்டர் மிம்ஸைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள். பெரிய பல்கலைக்கழகத்துக்குப் பந்து விளையாடப் போனான், விளையாடாமலே திரும்பி வந்தான். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. நடந்தது அதுதான். ஆனால் நடந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அது ஊருக்குத் தெரியாது.

அப்பா எல்பர்ட் மிம்ஸ் காகித ஆலையின் மரக்கட்டை யார்டில் வேலை பார்த்தார். அலபாமாவில் அந்த நாளில் ஆலைக்குள் கறுப்பருக்கு யார்டைத் தாண்டி வேலை கிடையாது. இயந்திரங்கள் ஓடும் கட்டடத்துக்குள் பெருக்கப் போகலாம், அவ்வளவுதான். அண்ணன் எங்கள் பள்ளிக்கூடத்து அமெரிக்க ஃபுட்பால் அணியில் பந்தை மார்போடு இடுக்கிக்கொண்டு ஓடுகிறவன். எதிரணியில் பதினொரு பேர் அவனைக் கீழே தள்ள வருவார்கள். பெரும்பாலும் மண்ணைத்தான் பிடிப்பார்கள்.

1967இல் அவன் படிப்பு முடித்தபோது கறுப்பர் கல்லூரி ஒன்று கடிதம் அனுப்பியது. முழு உதவித்தொகை, சாப்பாடு, தங்குமிடம். மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகத்தில் எங்களை வகுப்பில் சேர்க்க ஆரம்பித்து நான்கு வருடம் ஆகியிருந்தது. பந்து அணியில் மட்டும் ஒருவரும் இல்லை. உதவித்தொகை தர மாட்டோம், வேண்டுமானால் வந்து முயன்று பார்க்கலாம் என்றார்கள்.

"நம்ம காலேஜுக்குப் போனா முதல் நாளே ஆடுவேன்ப்பா" என்றான் அண்ணன்.

"தெரியும்டா. அங்க நீ ஆடினா நாம மட்டும்தான் பார்ப்போம். பெரிய யுனிவர்சிட்டில ஒரு தடவை கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள்ள போ. ஒரே ஒரு தடவை. அப்புறம் உங்களால முடியாதுன்னு எவன் சொல்லுவான்?"

அண்ணன் அப்பா சொன்ன இடத்துக்கே போனான். யார்டில் அப்பாவோடு வேலை பார்த்த லூஷியஸ் சும்மா விடவில்லை.

"எல்பர்ட், உன் பையனுக்கு ஓடத் தெரியும். வாளி தூக்கத் தெரியுமா? அங்க தண்ணி வாளிதான் கைல கொடுப்பாங்க."

"வாளியோட ஓடினாலும் உன் பையனுக்கு முன்னாடி போய்ச் சேருவான், போடா."

முதல் வருடம் புது மாணவர்கள் யாரும் போட்டியில் ஆடக்கூடாது என்பது விதி. இரண்டாம் வருடம் அண்ணனைப் பயிற்சிக் கூட்டத்தில் போட்டார்கள். அந்தக் கூட்டத்தின் வேலை, வரும் சனிக்கிழமை மோதப்போகும் எதிரணியைப் போலவே ஆடிக் காட்டுவது. அவர்களை இடித்துத் தள்ளித்தான் முக்கிய அணி பழகும். திங்கட்கிழமை சாமான் அறைக்காரர் அண்ணனிடம் ஒரு மஞ்சள் ஜெர்சியைத் தூக்கிப் போடுவார். எதிரணியின் வேகக்காரன் எண் எதுவோ, அது அதில் இருக்கும். அந்த வாரம் முழுக்க அண்ணனுக்கு அதுதான் பெயர். அந்தக் கூட்டத்துக்கு உதவிக் கோச் டாய்ல் ஹேக்லர் என்பவர். அவர் ஒரு நாளும் 'மிம்ஸ்' என்று கூப்பிட்டதில்லை. "பதினெட்டு, இங்க வா!" "முப்பத்தொண்ணு, எழுந்திரு!"

வீட்டுக்கு எழுதுவான். "இந்த வாரம் நான் முப்பத்தொண்ணு. இந்த ஆள் இடது பக்கமா வெட்டுவான். எனக்கு வலதுதான் வரும். கத்துக்கிட்டேன்." அம்மா பதிலில் என்னை எழுதச் சொன்னாள்: "ஊரான் ஓட்டமெல்லாம் ஓடி உன் ஓட்டத்தை மறந்துடாதே."

1968 நவம்பரில், சொந்த மைதானத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன்பு, வியாழக்கிழமை கதவில் ஒட்டிய பட்டியலில் அவன் பெயர் இருந்தது. அணியின் உண்மையான ஜெர்சி கொடுத்தார்கள். எண் நாற்பத்து மூன்று. தொலைபேசியில் சொன்னான். அப்பா சனிக்கிழமை ஷிப்ட்டை மாற்றிக்கொண்டார். யார்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். லூஷியஸ் மான் வேட்டைக்கு வைத்திருந்த பைனாகுலரைக் கழற்றிக் கொடுத்தார். "வாளி எந்தக் கைல இருக்குன்னு நல்லா பார்த்துட்டு வா" என்றார்.

அம்மா வரவில்லை. அவனை யாராவது இடித்தால் தன்னால் பார்க்க முடியாது என்றாள். அப்பாவும் நானும்தான் போனோம். எனக்குப் பதினைந்து வயது. நூற்றைம்பது மைல். வறுத்த கோழியைச் செருப்புப் பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டோம். வழிக் கடைகளில் எங்களுக்கும் பரிமாற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அப்பா எங்கும் நிறுத்தவில்லை.

எங்களுக்குக் கிடைத்த இடம் மைதானத்தின் ஒரு கோடியில், மேலே. கடைசிக் கால் பகுதியில் எங்கள் மாநிலத்து அணி முப்பத்து நான்குக்கு மூன்று என்று முன்னால் இருந்தது. ஆட்டம் கைக்குள் வந்துவிட்டால், வாரம் முழுக்க அடி வாங்கிய பயிற்சிக் கூட்டத்துப் பையன்களைக் கடைசியில் இரண்டு நிமிடம் உள்ளே விடுவது வழக்கம். அவர்களுடைய கூலியே அதுதான். ஒவ்வொருவனாகப் போனான். அப்பா பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

பெஞ்சில் நாற்பத்து மூன்று எழுந்து நின்றதை நானும் பார்த்தேன். இரண்டு அடி முன்னால் வைத்தான். அப்பா என் தோளைப் பிடித்தார். அதற்குள் பக்கத்திலிருந்து வேறொருவன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஓடினான். அண்ணன் நின்றான், பின்னால் போய் உட்கார்ந்தான். கடிகாரம் ஓடி முடிந்தது.

ஆட்டம் முடிந்து வேலியோரம் அவனைப் பார்த்தோம். அப்பா கை கொடுத்தார். "கிளம்பணும், ரொம்ப தூரம்" என்றார்.

பாதி வழி வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அவனைத்தான் கை காட்டினார் அந்த மஞ்சத் தொப்பிக் கோச். நல்லா பார்த்தேன். நேரா அவனைப் பார்த்துக் கை காட்டினார். கூப்பிட்டாங்க, வெர்டி. நம்ம பையன் எழுந்தான். அப்புறம் பயந்துட்டான்."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் எதிர்த்து ஏதாவது சொல்லியிருப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வந்தான். அடுப்படியில் என்னைத் தனியாகப் பிடித்துக் கேட்டான்.

"அன்னைக்கு வண்டில அப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ரேடியோ கேட்டுக்கிட்டே வந்தாரு."

"நிஜமா?"

"நிஜமாண்ணே."

அப்போது தன் பக்கத்தைச் சொன்னான். "சிரிக்காதே. கோச் இருபத்திரண்டுன்னு கத்தினாரு. அந்த வாரம் பூரா நான்தானே இருபத்திரண்டு? கூப்பிட்ட நாய் மாதிரி எழுந்துட்டேன். அப்புறம்தான் உறைச்சுது, நம்ம டீம்லயே ஒரு இருபத்திரண்டு இருக்கான். வெள்ளைக்காரப் பையன். அவனைத்தான் கூப்பிட்டிருக்காங்க. அடுத்தவன் நம்பருக்கு எழுந்து நின்னேன்னு அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?"

அந்த வீட்டில் அப்பா கண்ணால் பார்த்ததையும் அண்ணன் காதால் கேட்டதையும் சேர்த்து அறிந்தவள் நான் ஒருத்திதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும். நான் வைக்கவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து அப்பா தப்பாகப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். சொன்னால் அண்ணன் மனசு உடையும், கொஞ்ச நாளில் இருவருமே மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் யார்டில் கட்டைக் குவியல் சரிந்து அப்பா இறந்துபோனார்.

அடக்கத்தன்று லூஷியஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தப்போ உங்கப்பா சொன்னாரும்மா. அவனைக் கூப்பிடவே இல்லையாம், பாவிங்க. அதுக்கப்புறம் நான் வாளின்னு வாயெடுக்கல." அப்பா தேவாலயச் சபையில் டீக்கன், பொறுப்பில் இருப்பவர். பொய் சொல்லி நான் கேட்டதில்லை. தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தேன்.

அண்ணன் படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் இடத்துக்கே யார்டில் சேர்ந்தான். அடுத்த வருடம் எங்கள் பள்ளியை மூடி வெள்ளையர் பள்ளியோடு சேர்த்தார்கள். அவன் ஜெயித்துக் கொடுத்த கோப்பைகள் குப்பை லாரியில் போனதாகக் கேள்வி. கறுப்பருக்கும் இயந்திர வேலை தர வேண்டும் என்று ஆலை மேல் போட்ட வழக்கு முடிந்து 1974இல், எங்கள் ஆலையில் காகித இயந்திரத்தில் நின்ற முதல் கறுப்பன் அவன். கல்யாணம் செய்துகொண்டான். ஒரே மகள் அட்லாண்டாவில் இருக்கிறாள்.

சனிக்கிழமைகளில் ஆலை ஓய்வறையில் டிவியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆட்டம் ஓடும். அதற்குள் ஓடுகிறவர்களும் தள்ளுகிறவர்களும் பாதிக்கு மேல் எங்கள் பையன்கள். வெள்ளைக்காரர்கள் அவர்கள் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு கத்துவார்கள்.

"மிம்ஸ், நீயும் அங்க ஆடினியாமே?" என்று யாராவது கேட்பார்கள்.

"பயிற்சி எடுத்தேன்" என்பான்.

அவனுக்குக் கடிதம் அனுப்பிய கறுப்பர் கல்லூரியில் இப்போது பாதி இருக்கை காலி. நல்ல ஓட்டக்காரன் எவனும் அங்கே போவதில்லை. "அப்பா கேட்டது நடந்துடுச்சு. எல்லாரும் கோட்டைத் தாண்டிட்டாங்க" என்று சிரிப்பான். அவன் மனசில் இருந்த கணக்கு எளிது: என்னைக் கூப்பிடவில்லை, என் மேல் தப்பில்லை. அதை வைத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தான்.

2003இல், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. அணியில் முதலில் சேர்ந்த கறுப்பர்களுக்கு மதிய விருந்து. துணைக்கு நான் போனேன். எங்கள் மேசைக்கு ஒரு கிழவர் கைத்தடியோடு வந்து உட்கார்ந்தார். டாய்ல் ஹேக்லர். எண்பது தாண்டியிருக்கும்.

"மிம்ஸ், உன்னை ஒண்ணு கேட்கணும்னு முப்பத்தஞ்சு வருஷமா வச்சிருக்கேன். அன்னைக்கு ஏன் உள்ள போகல?"

"என்னைக்கு சார்?"

"கடைசி ஆட்டத்தன்னைக்கு. பெரிய கோச் வேண்டாம்னாரு. கெஞ்சி சம்மதம் வாங்கினேன். கை காட்டிக் கூப்பிட்டேன். எழுந்தே, இரண்டடி வச்சே, உட்கார்ந்துட்டே. தைரியம் பத்தலைன்னு விட்டுட்டேன்."

அண்ணன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "என்னன்னு கூப்பிட்டீங்க சார்?"

கிழவர் யோசித்தார். "உன்னை எப்பவும் கூப்பிடற மாதிரிதான். அந்த வார நம்பரைச் சொல்லி."

"அன்னைக்கு என் முதுகுல நாற்பத்து மூணு இருந்துச்சு சார்."

"அப்படியா? எனக்கு ஞாபகம் இல்லையேப்பா" என்றார் அவர். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

திரும்பும்போது அண்ணன்தான் ஓட்டினான். நாற்பது மைல் தாண்டியது. பிறகு கேட்டான். "அப்பாவுக்கு மேலேருந்து என்ன தெரிஞ்சிருக்கும்? அவர் ஒண்ணும் சொல்லலைன்னு அன்னைக்குச் சொன்னியே."

அப்போது சொன்னேன். கை காட்டியதை அப்பா பார்த்ததை. பயந்துட்டான் என்றதை. லூஷியஸிடம் அப்பா சொன்ன பொய்யையும் சொன்னேன்.

வண்டியைச் சாலையோரம் நிறுத்தினான். கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

"எனக்காகப் பொய் சொன்னாரா?"

"ஆமாண்ணே."

"நான் பயந்தாங்கொள்ளின்னு நம்பிக்கிட்டு, எனக்காக யார்டுல பொய் சொன்னாரா?"

தலையசைத்தேன்.

"கிறிஸ்துமஸ் அன்னைக்கு அவர் பக்கத்து ரூம்ல இருந்தாரு, வெர்டி. கதவு திறந்துதான் இருந்துச்சு. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எழுந்து போய் இப்படி நடந்துச்சுப்பான்னு சொல்லியிருப்பேன்."

"எனக்குப் பதினஞ்சு வயசுண்ணே."

"அப்புறம் பதினாறு ஆச்சே" என்றான். குரல் உயரவில்லை. "இருபது ஆச்சே. நாற்பது ஆச்சே. அம்பது ஆச்சே."

லாரிகள் கடந்து போகும்போதெல்லாம் வண்டி ஆடியது. கொஞ்ச நேரம் கழித்து அவனே வண்டியைக் கிளப்பினான். என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, நான் உள்ளே போய் விளக்குப் போடும் வரை நின்றுவிட்டுத்தான் போனான்.

அதன் பிறகு பதினான்கு மாதம் உயிரோடு இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் எப்போதும்போல என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுப்பான். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பான். அப்பாவைப் பற்றி மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.