பதினேழு விதியும் ஒரு ஆட்டுக்குட்டியும்

எண்பதுகளோட கடைசியில, பென்னாகரம் பக்கம் நாங்க நடத்துன வாசகசாலைக்கு யாரோ ஒரு பழைய கம்ப்யூட்டரைக் குடுத்தாங்க. அதுல புத்தகம் தேடுறதுக்கு ஒரு திரையை நாலு பேர் சம்பளமில்லாம அமைச்சோம். எனக்குத்தான் அதுல ஒண்ணும் தெரியாது, அதனால விதிமுறை எழுதுற வேலையை நானே எடுத்துக்கிட்டேன்.

ஜன்னலை மூடுன ரூம்ல அந்தத் திரையோட பச்சை எழுத்தைப் பாத்துக்கிட்டிருந்தா, தண்ணிக்குள்ள உக்காந்திருக்கற மாதிரி இருக்கும். அந்த மயக்கத்துலயே பதினேழு விதி எழுதி கதவுல தொங்கவிட்டேன். முதல் விதி, செருப்பை வெளிய விடணும். ரெண்டாவது, நம்பர் போட்டுத்தான் புத்தகம் தேடணும்.

"எதைப் பத்தின புத்தகம்னு போட்டும் தேடலாம் அண்ணா, அதுக்கும் ஒரு திரை எழுதி வெச்சிருக்கேன்"னு எங்க நாலு பேர்ல ஒருத்தங்களான டைப்பிஸ்ட் ஸ்டெல்லா சொன்னாங்க.

"விதியில இல்லியேம்மா"ன்னுட்டேன்.

அன்னிக்கே ஒரு ஆட்டுக்காரர் வந்தார். குட்டி ரெண்டு நாளா எதுவும் தின்னலயாம், வைத்தியப் புத்தகம் வேணுமாம்.

"நம்பர் சொல்லுங்க."

"நம்பர் தெரிஞ்சா நான் எதுக்குங்க இவ்ளோ தூரம் நடந்து வரேன்?"னுட்டு, செருப்பை மாட்டப் போனார்.

பதினேழுல எதுலயும் அவருக்குப் பதில் இல்ல. எந்திரிச்சு ஸ்டெல்லாவுக்கு நாற்காலியை விட்டேன். அவங்க எழுதுன திரையைப் போட்டு, ஆடுன்னு அடிச்சாங்க. இருட்டுல மூணு புத்தகத்தோட பேரு பச்சையா மெதந்து வந்துச்சு.

அடுத்த வாரம் புத்தகத்தைத் திருப்பிக் குடுக்க குட்டியோடவே வந்தார். நாங்க பேசி முடிக்கறதுக்குள்ள அது என் விதிமுறைத் தாளைப் பாதி தின்னுடுச்சு. அவர் பதறிட்டார்.

"உடுங்க, பசி வந்துடுச்சில்ல"ன்னேன்.

இப்பவும் ஏதாச்சும் விதி எழுத உக்காந்தா, வாசல்ல யாரு செருப்பை மாட்டிக்கிட்டுத் திரும்பிப் போறாங்கன்னு ஒருதரம் எட்டிப் பாத்துக்குறேன்.